நண்டுக் காலும் என் மேல்வரிசையும்

மனிதருக்குப் பல் இரண்டு தடவைதான் முளைக்கும் என்பார்கள். எனக்கு மூன்று தடவை முளைத்தது. மூன்றாவது தடவை பாரிசில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மேல்வரிசை முழுவதும் ஒரே பின்னேரத்தில்.

குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுவது யாழ்ப்பாணத்து வழக்கம். பாரிசில் எங்கள் ஆட்கள் கூடி வாழும் லா சப்பலில் என்னோடு ஒரே அறையில் இருந்த மூன்று பேரும் அந்தச் சடங்கையும் விட்டுவைக்கவில்லை. பல்வைத்தியரிடமிருந்து நான் புதுப்பல்லோடு வந்த அன்று, என்னைத் தலையணையில் இருத்தி, தலைக்கு மேல் துவாயை விரித்து, கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். பிள்ளைக்கு முன்னால் பேனை, புத்தகம் வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள் அல்லவா? எனக்கு முன்னால் பாக்குவெட்டியும் பொரித்த கோழிக்காலும் மெற்றோ ரிக்கற்றும் வைத்தார்கள். நான் ரிக்கற்றை எடுத்தேன். பல்லுக்கு வேலை வைக்காத பொருள் அது ஒன்றுதான். "பிள்ளை ஊர் சுத்தப் போறான்" என்று பலன் சொல்லிவிட்டு, மூவரும் கொழுக்கட்டையை என் கண் முன்னாலேயே தின்று முடித்தார்கள்.

முந்திய பற்கள் போன கதையில் வீரம் ஒன்றும் இல்லை. நாட்டு நிலைமை மோசமாக இருந்த காலம் என்பதால், "ஆமிக்காரன் அடிச்சதோ தம்பி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. நான் நிலத்தைப் பார்ப்பேன். அந்த மரியாதையைக் கொஞ்சம் அனுபவித்த பிறகுதான் உண்மையைச் சொல்வேன். எனது முதல் பனிக்காலம். லா சப்பல் மெற்றோப் படிக்கட்டின் அடியில், தோளில் அரிசி மூட்டையோடு, நிலம் ஏன் கண்ணாடிபோல் மினுங்குகிறது என்று யோசித்தபடி காலை வைத்தேன். யோசித்து முடிக்க முன்னமே முகம் நிலத்தில். மூட்டையில் ஒரு அரிசிகூடச் சிந்தவில்லை. முன்பற்கள் அங்கேயே விழுந்தன. மிச்சம் இருந்தவை ஊரிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தவை. அவற்றை வைத்தியர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

வைத்தியரிடம் எனக்காகப் பேசியவர் ஒரு புதுச்சேரிப் பெரியவர். இந்த நாட்டுத் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு தெரியாத எங்கள் ஆட்களோடு வைத்தியர் வீடுகளுக்குப் போய்ப் பேசிக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. அதற்குக் கைம்மாறாக ஒரு கோப்பிக்கு மேல் எதுவும் வாங்க மாட்டார். ஆனால் வைத்தியர் ஒரு வரி சொன்னால் பெரியவர் நான்கு வரி மொழிபெயர்ப்பார். மூன்று வரி அவருடைய கைச்சரக்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

அந்த வைத்தியருக்குப் பழங்காலப் பற்களில் பைத்தியம். சுவரெல்லாம் படங்கள். முகத்துக்குப் போடும் பூசுமாவைக் கொட்டிய பொய்த்தலைமுடியோடு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வயிற்றுக்குத்து வந்தவர்கள்போல் இருந்தார்கள் சில பிரபுக்கள். ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று கேட்டேன். வைத்தியர் உற்சாகமாகி வாய் ஓயாமல் பேசினார். பெரியவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கேட்டுக்கங்க தம்பி. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, பதினெட்டாம் நூற்றாண்டுல, இதே ஊர்ல, பெரிய மனுஷங்கல்லாம் நீர்யானைக் கொம்புல பல்லு செஞ்சு மாட்டிக்கிட்டாங்களாம். மேலயும் கீழயும் சேர்த்து ஸ்பிரிங்கு. வாயை இறுக்கிப் புடிக்கலேன்னா தானா தொறந்துக்கும். அதான் இப்படி மூஞ்சிய வச்சிருக்காங்க."

"அப்ப அவை எப்பிடிச் சாப்பிட்டவை?"

பெரியவர் என் கேள்வியை வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் சிரித்தார். அவருடைய பற்கள் அவருடையவைதான் என்பதைக் கவனித்தேன்.

"சாப்பிடறதா? அது பார்க்கறதுக்குங்க. விருந்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, பல்லைக் கழட்டி வச்சிட்டு, கூழோ கஞ்சியோ குடிச்சிடுவாங்களாம். அப்புறம் பல்லை மாட்டிக்கிட்டுப் போய் மேசையில கம்பீரமா உட்கார்ந்து, எதையும் தொடாம எழுந்து வருவாங்களாம்."

நீர்யானைக்குக் கொம்பு இல்லை, அது தந்தம் என்பதை நானே திருத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு வைத்தியர் எனக்கான புத்திமதிகளையும் சொன்னார்: சிறிது சிறிதாக வெட்டிச் சாப்பிடு, இரண்டு பக்கத்தாலும் மெல்லு, கொஞ்ச நாளைக்குக் கடினமானது எதையும் தொடாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் மனதில் நின்றது பிரபுக்களின் கதைதான். பாரிசில் எங்கள் வட்டாரத்தின் இலக்கமும் பதினெட்டு, அவர்களுடைய நூற்றாண்டும் பதினெட்டு. ஏதோ சொந்தம்போல் இருந்தது.

பொய்ப்பல்லோடு சாப்பிடுவது ஒரு தொழில். அதில் நான் கடைநிலைத் தொழிலாளி. மேல்வரிசை என்றால் வெறும் பல்வரிசை அல்ல. அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு தட்டும் சேர்ந்து இருக்கும். ருசியின் பாதி அண்ணத்தில்தான் குடியிருந்தது என்பது அதற்குக் கூரை போட்ட பிறகுதான் தெரிந்தது. உறைப்பு நாக்குக்குத் தெரியும். மீன் குழம்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒன்றுபோல் இருக்கும். தேத்தண்ணியின் சூடு தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும், அப்போது திரும்பி வர வழி இல்லை. ஒரு பக்கத்தால் மென்றால் மற்றப் பக்கம் எழும்பும். ஆகவே வலது கொடுப்பில் ஒரு கவளம், இடது கொடுப்பில் ஒரு கவளம் என்று காவடிபோல் நிறை பார்த்துக் கொண்டுபோக வேண்டும். நான் பாத்திரம் கழுவிய உணவகத்தில் மதியச் சாப்பாட்டோடு நீளப் பாண் ரொட்டி தருவார்கள். அதை அறைக்குக் கொண்டுவந்தால், "அதைக் கதவடியிலை வையும் ஐசே, கள்ளன் வந்தால் உதவும்" என்பார்கள் அறைக்காரர்கள்.

எல்லாவற்றிலும் கொடிய எதிரி சம்பலில் வரும் செத்தல் மிளகாய் விதை. அது தட்டுக்கும் பல் இருந்த முரசுக்கும் இடையில் போய் இருந்துவிட்டால், பிறகு நீங்கள் மெல்லும் ஒவ்வொரு தடவையும் அதை அரைக்கிறீர்கள், உங்கள் முரசிலேயே. கழற்றிக் கழுவினால்தான் விமோசனம். நாலுபேருக்கு முன்னால் கழற்ற முடியாது. ஆகவே சிரிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள்.

ஊரில் என் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் கோயிலில் பேசி முக்கால்வாசி முடித்துவிட்டார்கள். பெண் பாரிசின் புறநகரான பொபினியில் தமையன் வீட்டில் இருந்தாள். தமையன் ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்தார். சில மாதங்களுக்கு முன்தான் தங்கையை ஊரிலிருந்து கூப்பிட்டிருந்தார். அவர்கள் கையில் இருந்த என் படம் படிக்கட்டில் விழுவதற்கு முன் எடுத்தது. பற்பொடி விளம்பரத்துக்கு நிற்பதுபோல் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவளை நான் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். பழைய பல் போய்ப் புதுப்பல் வராத இடைக்காலம். வாயைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு லா சப்பல் பலசரக்குக் கடையில் நின்றேன். அவள் அண்ணியோடு வந்து, முருங்கைக்காய்க் கட்டிலிருந்து ஒன்றை உருவி, முறுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது கறிக்கோ அடுப்புக்கோ?" என்று கடைக்காரரைக் கேட்டாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், மஃப்ளருக்குள். வெளியே விடுவதற்குப் பல் இல்லை. பிறகு, படம் வந்து, எனக்குப் பேசுகிற பெண் அவள்தான் என்று தெரிந்த அன்று எனக்கு மகிழ்ச்சியில் பாதியும் பயத்தில் பாதியும் தூக்கம் போயிற்று. முருங்கைக்காயையே முறுக்கிப் பார்த்து வாங்குகிறவள், மாப்பிள்ளையைப் பார்க்காமலா விடுவாள்?

அறைக்காரர்களிடம் யோசனை கேட்டேன். மூவரில் மூத்தவர் தீர்ப்புச் சொன்னார்: "தாலி கட்டும்வரைக்கும் வாயைத் திறவாதையும். கட்டினாப் பிறகு பல்லென்ன, தலையைக் கழட்டி வைச்சாலும் ஒண்டும் செய்யேலாது." அப்போது அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொபினிக்குச் சாப்பிட வரச் சொல்லித் தமையன் அழைத்தார். நண்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னார். நண்டு என்றதும் என் மேல்வரிசை தானாக ஆடியது. அந்த நேரத்தில்தான் பிரபுக்கள் உதவிக்கு வந்தார்கள்.

ஞாயிறு காலை, அறையின் கதவைச் சாத்தினேன். பல்லைக் கழற்றிக் கிளாசில் போட்டேன். சோற்றையும் பருப்பையும் குழையப் பிசைந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு பல்லை மாட்டி, கண்ணாடியில் உதட்டை இறுக்கிப் பார்த்தேன். தலையில் பூசுமா மட்டும்தான் குறைவு. அறைக்காரர்கள் வாசல்வரை வந்து, "கடிக்காமல் வாரும்" என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

பொபினியில் ஏழாம் மாடி. தமையன் பெரிய மீசையும் குறைந்த பேச்சும் உள்ளவர். அவர் மனைவி எனக்கு ஊரில் தூரத்துச் சொந்தம், அக்கா என்று கூப்பிட்டேன். பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் உதட்டை மூடிக்கொண்டு பிரபுபோல் தலை சாய்த்தேன். அவள் குசினிக்குள் போனாள். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

மேசையில் நண்டுக் குழம்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல், சிவக்கச் சிவக்கச் சம்பல். ஒவ்வொன்றும் என்னைக் கொல்லவென்றே சமைத்ததுபோல் இருந்தது. நான் திட்டப்படி நடந்தேன். முள்ளுக்கரண்டி கேட்டேன். அக்கா தமையனைப் பார்த்தார். பிறகு எங்கேயோ தேடி ஒன்றை எடுத்துவந்து தந்தார். அதன் நுனியால் சோற்றை இங்கிருந்து அங்கே நகர்த்தினேன், அங்கிருந்து இங்கே நகர்த்தினேன். நண்டின் நிறத்தைப் புகழ்ந்தேன். குழம்பின் வாசத்தைப் புகழ்ந்தேன். பாரிசின் காலநிலை பற்றி ஒரு கருத்துச் சொன்னேன். பதினெட்டாம் நூற்றாண்டு பார்த்திருந்தால் என்னைத் தழுவிக்கொண்டிருக்கும்.

அக்கா இரண்டு தடவை, "போட்டுச் சாப்பிடும் தம்பி" என்றார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. குசினியில் பாத்திரச் சத்தமும் நின்றது.

தமையன் தன் கையைச் சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். தங்கச்சியை உமக்குப் பிடிக்கேல்லையோ?"

"ஐயோ அண்ணை, ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?"

"பின்னை ஏன் என்ரை வீட்டிலை கை நனைக்காமல் இருக்கிறீர்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது, மிளகாய் இல்லாமலே. கலியாணம் பேசப் போன வீட்டில், விருப்பம் இல்லையென்றால் எங்கள் ஆட்கள் இல்லை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம். கை நனைக்காமல் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். அல்லது அதைவிட மோசமாக, உங்கள் வீட்டுச் சோறு எங்களுக்குச் சரிவராது என்று பொருள். நானோ கையே படாமல் முள்ளுக்கரண்டியால் சோற்றைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பிரெஞ்சுப் பிரபுக்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அவர்கள் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் பெண் எடுக்கவில்லை.

"விருப்பமில்லாட்டி நேரை சொல்லும்," என்றார் தமையன். "அவள் பிள்ளை விடிய எழும்பி நண்டு உடைச்சவள். நான் அவளுக்கு ஒரு பதில் சொல்லோணும்."

முள்ளுக்கரண்டியைத் தூரப் போட்டேன். கையை அப்படியே சோற்றுக்குள் இறக்கினேன். குழம்பை ஊற்றிப் பிசைந்தேன், சம்பலை அள்ளினேன், வாய் கொள்ளாமல் திணித்தேன். காவடியும் இல்லை நிறையும் இல்லை. இரண்டாவது கவளத்திலேயே மிளகாய் விதை போய் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடத் தொடங்கியது. துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை; அழுதுகொண்டே தின்றேன்.

அக்கா சேலைத் தலைப்பால் தன் கண்ணை ஒற்றினார். "அம்மாவின்ரை கைச்சாப்பாடு ஞாபகம் வந்திட்டுது போல, பாவம்" என்று தமையனிடம் சொன்னார். தமையனின் மீசையும் இளகியது. எழும்பி, நண்டின் பெரிய காலாகப் பார்த்துத் தன் கையாலேயே என் கோப்பையில் வைத்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தமையன் எடுத்து வைத்த நண்டுக் கால். அதை மறுப்பது தாலியை மறுப்பதற்குச் சமம்.

கடைவாயில் வைத்தேன். கண்ணை மூடினேன். கடித்தேன்.

ஒரு சத்தம் கேட்டது. நண்டின் ஓடு உடைந்த சத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். கண்ணைத் திறந்து, கையிலிருந்த நண்டுக் காலைப் பார்த்தேன். அதில் என் மேல்வரிசை தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. யார் யாரைக் கடித்தது என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னால், நடுநிலையான எவரும் நண்டின் பக்கம்தான் சொல்லியிருப்பார்.

மெதுவாக இரண்டையும் கோப்பையில் வைத்தேன். வைக்கும்போது பல் கோப்பையில் பட்டு இன்னொரு சத்தம் வந்தது. 

ஒளிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்பல் இல்லாத வாயால் சொன்னேன், ஆகவே பாதி காற்றாகப் போனது. பனி, படிக்கட்டு, அரிசி மூட்டை, வைத்தியர், நீர்யானை, ஸ்பிரிங், காலையில் தின்ற பருப்புச் சோறு. பிரபுக்கள் விருந்தில் ஏன் எதையும் தொடவில்லை என்று நான் விளக்கியபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அருவருப்பா என்று தெரியவில்லை.

தமையன் கடைசிவரை கேட்டார்.

"வேறை ஒண்டும் இல்லையே?" என்றார். "வெள்ளைக்காரி, குடிகிடி?"

"இல்லை அண்ணை. பல்லு மட்டுந்தான்."

அவர் மீசையைத் தடவினார். தன்னளவில் இது ஒரு குறையே இல்லை என்றார். ஆனால் கட்டப்போவதும் படத்தில் பார்த்துத் தலையாட்டியதும் தங்கைதான், ஆகவே முடிவு அவளுடையது என்றார். குசினிப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கொண்டுதானே நிக்கிறாய், வா" என்று கூப்பிட்டார்.

அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள். நண்டுக் காலையும் பல்லையும் சேர்த்துக் கோப்பையோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பல்லும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று நினைத்தேன். எழும்பிப் போகவும் வழியில்லை; பல்லை விட்டுவிட்டு எங்கே போவது?

ஏதோ உடைபடும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் ஒரு சிறு தட்டு. அதில் என் மேல்வரிசை, கழுவித் துடைத்து, முன்பு இருந்ததைவிட வெள்ளையாக. மற்றக் கையில் ஒரு கிண்ணம். அதில் ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த நண்டுச் சதை. இரண்டையும் எனக்கு முன்னால் வைத்தாள். பாக்குவெட்டி, கோழிக்கால், ரிக்கற் என்று அறைக்காரர்கள் வைத்தது நினைவுக்கு வந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

"இரவிலை படுக்கேக்கை இதைக் கழட்டி எங்கை வைப்பீங்கள்?" என்று கேட்டாள்.

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

"தலைமாட்டிலை. ஒரு கிளாசுக்குள்ளை, தண்ணி விட்டு."

கொஞ்சம் யோசித்தாள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்த அதே முகம்.

"அப்ப நான் தண்ணி குடிக்கிற கிளாஸ் வேறை நிறமா இருக்கோணும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. தமையனுக்கு விளங்கிவிட்டது. ஏழாம் மாடி அதிரும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மேல்வரிசை வாயில் இருந்திருந்தால் அதற்கே எதிர்ச்சுவருக்குப் போயிருக்கும்.

நான் கிண்ணத்தை எடுத்தேன். சதையைச் சோற்றோடு பிசைந்து, பல்லைத் தட்டிலேயே விட்டுவிட்டு வாயில் வைத்தேன். அண்ணத்துக்கு மேல் கூரை இல்லை. மாதக்கணக்கில் தொலைந்திருந்த ருசி, நண்டின் இனிப்பும் பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் தனித்தனியாக, நேராக வந்து சேர்ந்தது. காலையில் தின்ற பருப்புச் சோற்றுக்கு மேல் இன்னும் எவ்வளவு இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. அக்கா இரண்டு தடவை சட்டியோடு வந்தார். கை கழுவ எழும்பியபோது குழம்பு முழங்கை வரை வழிந்திருந்தது. தமையன் அதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.